நாலாம் நாள் வாசனை

திண்டிவனம்
4-2-1985

அருகன் துணை

ராஜமதிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேனே என்று வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது கடை விஷயம்.

பம்பாயிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்திருந்தான். துபாயில் பெரிய மனிதர்கள் பூசிக்கொள்ளும் ஊது அத்தர் கொண்டுவந்தான். ஊது என்றால் வேறொன்றுமில்லை, நம் அகில் மரத்தின் எண்ணெய்தான். பட்டை தீட்டிய கண்ணாடிச் சீசா, தங்கக் கலர் மூடி, வெல்வெட் வைத்த பெட்டி. நம் கடையில் இதுவரை இப்படி ஒரு சரக்கு ஏறியதில்லை. கோயில் தர்மகர்த்தா ஸ்ரீபாலன் அதைப் பார்த்துவிட்டார். சித்திரையில் நடக்கும் பெரிய அபிஷேகத்துக்குச் சந்தனத்தில் இதைத்தான் கலக்க வேண்டும் என்கிறார். "நயினாரு மோந்து பாத்து சுத்தம்னு சொல்லிட்டா போதும், வேற யாரையும் கேக்கத் தேவையில்ல" என்று என்னைக் காட்டி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டும் போனார்.

புனுகு, கஸ்தூரி என்று எந்தப் பிராணியிடமிருந்து எடுத்ததையும் நம் கடையில் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வெளிநாட்டுச் சரக்கில் வாசனை நிற்பதற்காக அதையெல்லாம் கலப்பது உண்டு. பகவானுக்குப் போகிற பொருள். ஆகையால் இரண்டு மூக்கு பார்க்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு மார்கழியிலிருந்து கொஞ்சம் சளி வேறு.

பஸ் கண்டக்டர் துரைக்கண்ணுவிடம் சின்னச் சீசாவில் கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எப்படிப் பார்ப்பது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்து எழுது.

ஜினதாஸ்


விழுப்புரம்
9-2-1985

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ராஜமதி வணங்கி எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அரைமணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ நடந்துவிட்டது என்று பயம். கடை விஷயம் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். அதை இங்கே எழுதக்கூடாதுதான், ஆனால் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

துரைக்கண்ணு பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை ஓடி வந்தார். "யக்கா, நயினாரு இத்த ஒடைச்சிராதன்னு ஏழு தபா சொன்னாரு. மடியில வெச்சிக்கினு டிக்கெட் குடுத்தேன்" என்றார்.

வெள்ளைத் துணியைச் சோப்பில்லாமல் அலசிக் காயவைத்து, கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு. மணிக்கட்டில் ஒரு தொடு. அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மழையில் நனைந்த ஆட்டுப்பட்டி. அதற்குள் யாரோ டிஞ்சர் பாட்டிலை உடைத்த மாதிரி. அதன்மேல் புதுச் செருப்பு. துபாய்ப் பெரிய மனிதர்கள் இதையா பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள்?

இது மரத்தின் நாற்றமா, பிராணியின் நாற்றமா என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாட்கள் வேண்டும்.

சளி மார்கழியிலிருந்தா இருக்கிறது? இப்போது மாசி பிறக்கப்போகிறது. டாக்டரைப் பார்த்தீர்களா? சமையல் யார் செய்கிறார்கள்?

உங்கள் மகள்
ராஜமதி


திண்டிவனம்
14-2-1985

அருகன் துணை

ராஜமதிக்கு,

நலம். சமையல் நானே செய்துகொள்கிறேன். சளியைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டாம்.

அகிலுக்கு ஆரம்பத்தில் அந்த நாற்றம் உண்டு. அது பிறவிக் குணம். அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. மரத்தின் நாற்றம் போய்விடும். பிராணியின் நாற்றம் மற்றதெல்லாம் போன பிறகும் உட்கார்ந்திருக்கும். ஆகையால் மணிக்கணக்கில் எழுது. ஒரு மணிக்கு எப்படி, சாயங்காலம் எப்படி, மறுநாள் எப்படி. ஒன்றையும் விடாமல் விரிவாக எழுது. நானும் இங்கே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டும் ஒத்துவருகிறதா என்று தெரிய வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாமிசம் வேகிற வீட்டில் மூக்கு மழுங்கிப்போகும். உண்மையை எழுது.

பார்த்து முடித்ததும் மீதிச் சீசாவைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்தனுப்பு.

ஜினதாஸ்


விழுப்புரம்
22-2-1985

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ராஜமதி வணக்கம்.

சுகம். நீங்கள் சுகம்தானே?

முதலில் அடுப்பு. இந்த வீட்டில் மாமிசம் நுழைந்ததில்லை. நான் கேட்கவில்லை, கல்யாணம் ஆன மறுநாளே அவராக நிறுத்திவிட்டார். வானூர் பக்கத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போனால் சாப்பிடுவார். வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வீட்டுக்கு நான் போவதில்லை. அவர்களும் இங்கே வருவதில்லை. நீங்கள் மட்டும்தான் எங்களை விலக்கி வைத்தீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் நம் ஜைன வீட்டுப் பழக்கத்தை நான் விடவில்லை. லோகோ ஷெட்டிலிருந்து அவர் வர எட்டு ஆகும். நான் ஐந்தரைக்குத் தனியாகச் சாப்பிடுகிறேன், அவர் எட்டு மணிக்குத் தனியாகச் சாப்பிடுகிறார். ஐந்தரைக்கு நீங்களும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

இனி ஊது. ஆட்டுப்பட்டி முக்கால் மணி நேரம் நின்றது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒரு மணிக்கு, வருஷக்கணக்காகத் திறக்காத மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. மத்தியானம் அதில் இனிப்பு எட்டிப் பார்த்தது. வெல்லப்பாகு அடிபிடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு வாசனை வருமே, அது. சாயங்காலம் மலைத்தேன், அடியில் ஒரு கசப்போடு. மல்லிகை மாதிரி இது நம்மைத் தேடி வருவதில்லை, நாம்தான் கையைத் தூக்கி அதைத் தேடிப் போக வேண்டும். ஆனால் ஒரு முறை போய்விட்டால் மறுபடி மறுபடி போகச் சொல்கிறது. பாத்திரம் தேய்த்தேன், துணி துவைத்தேன், மணிக்கட்டில் அப்படியே இருந்தது. மறுநாள் துணியில் சந்தனக்கல் வாசனை.

காலையில் முகம் கொடுத்துப் பேசாது, சாயங்காலம் ஆனால் குழையும். இந்தக் குணத்தோடு எனக்கு இருபத்து மூன்று வருஷம் பழக்கம் இருப்பதால் பயப்படவில்லை.

இன்று மீதிச் சீசாவைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மகள்
ராஜமதி


திண்டிவனம்
1-3-1985

அருகன் துணை

ராஜமதிக்கு ஆசீர்வாதம்.

நலம். உன் கடிதத்தை இரண்டு மூன்று தரம் படித்தேன். குணத்தைப் பற்றி எழுதியிருந்த கடைசி வரிகளை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்கிறேன்.

சீசா வந்தது. திறந்து நன்றாக முகர்ந்து பார்த்தேன். நீ எழுதியதேதான். அதே தேன், அடியில் அதே கசப்பு. உன் மூக்கு மழுங்கவில்லை.

ஸ்ரீபாலன் தினமும் வந்து கேட்கிறார். சுத்தம் என்று நீ முடிவாக ஒரு வரி எழுதிவிடு. இன்னொன்றும் யோசித்தேன். அபிஷேகத்தன்று நீ கோயிலுக்கு வரலாம். இதைப் பார்த்துச் சொன்னது என் மகள் என்று அங்கேயே சொல்வேன். பகவானுக்குச் சார்த்தும் சந்தனத்தைப் பார்த்துச் சொன்னவளை உள்ளே வராதே என்று யாரால் சொல்ல முடியும்? அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டுப் போகலாம்.

விரைவில் பதில் போடு.

அப்பா


விழுப்புரம்
5-3-1985

(அனுப்பாத கடிதம்)

அப்பா,

நீங்கள் "அப்பா" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் வைத்த கேப்பைக் கூழை மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து, "முட்டிக்குத் தேய்க்கிற தைலம் எங்க?" என்று கேட்டார். அலமாரியில் தேடினேன். அங்கே உங்கள் ஊது அத்தர் சீசா இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி பழுப்புச் சீசா. நான் துரைக்கண்ணுவிடம் கொடுத்தனுப்பியது அவருடைய தைலம்.

அது ஓமமும் கற்பூரமும் பூண்டும் போட்டுக் காய்ச்சியது அப்பா. மூடியைத் திறந்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். அதைத் திறந்து நன்றாக முகர்ந்துவிட்டுத்தான் தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. மார்கழியிலிருந்தே தெரியவில்லை. சளியில்லை அது. விரிவாக எழுது, மணிக்கணக்கில் எழுது என்று கேட்டது இதற்குத்தான். நீங்கள் என் கடிதத்தைத்தான் முகர்ந்துகொண்டிருந்தீர்கள்.

நாலு வருஷமாக நீங்கள் வைராக்கியத்தோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அதை நினைத்துத்தான் கோபத்தையும் காப்பாற்றிக்கொண்டேன். இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் சுத்தம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அபிஷேகத்தன்று உங்கள் பக்கத்தில் நிற்கலாம். நம் வீட்டுக்குள் வரலாம். நான் என்ன எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டு நாள் மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி அது போதாது. மறுபடி பார்க்கிறேன்.


விழுப்புரம்
5-3-1985

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ராஜமதி வணக்கம்.

சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

கோயிலுக்கு வரச் சொன்னது படித்தேன். அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷம். ஆனால் முடிவாகச் சொல்ல இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். ஊது கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துவிடுகிறேன்.

வெயில் காலம் தொடங்கிவிட்டது. பாலைக் காய்ச்சும் முன் கண்ணால் நன்றாகப் பாருங்கள், கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். காலையில் வடித்த சோற்றைச் சாயங்காலத்துக்கு வைக்க வேண்டாம். ஸ்டவ்வை அணைத்தபிறகு ஒரு முறை குனிந்து திரியைப் பாருங்கள். மண்ணெண்ணெய் டின்னைச் சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நீலப் பெயின்ட் அடித்துத் தனியாக வையுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் கடையில் போய் உட்காராதீர்கள்.

உங்கள் மகள்
ராஜமதி


திண்டிவனம்
12-3-1985

அருகன் துணை

ராஜமதிக்கு ஆசீர்வாதம்.

நலம். பாலும் ஸ்டவ்வும் மண்ணெண்ணெயும் பற்றி நான் உன்னைக் கேட்கவில்லை. உன் அம்மா சாந்தாமணி போன நாளிலிருந்து நான்தான் சமைக்கிறேன். உனக்கும் சமைத்துப் போட்டேன்.

நான் கேட்டது ஒரு வரி. ஏஜெண்ட் பாதிச் சரக்கை வேறு இடத்துக்குத் தரப்போவதாகச் சொல்கிறான். ஸ்ரீபாலன் அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்துவிட்டார். சுத்தமான சரக்குதான் என்று நானே முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன தாமதம்?

அபிஷேகத்தன்று உடுத்த உன் அம்மாவின் அரக்குப் பட்டு இங்கே இருக்கிறது. அதை எடுத்து வெயிலில் போட்டேன்.

அப்பா


விழுப்புரம்
20-3-1985

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ராஜமதி வணங்கி எழுதுவது.

சுகம். நீங்கள் கோபமில்லாமல் படிக்க வேண்டும்.

புதுத் துணியில் மறுபடி தொட்டு வைத்தேன். முதல் நாள் ஆட்டுப்பட்டி, மரப்பெட்டி, பாகு, தேன், எல்லாம் போன தடவை போலவேதான். இரண்டாம் நாள் சந்தனக்கல். மூன்றாம் நாள் அதுவும் மெலிந்து, காலி டப்பாவில் மிச்சமிருக்கிற ஏலக்காய் மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் மரம் முழுதாகப் போய்விட்டது. துணியில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் இருந்தது. கதகதப்பாக, கொழுப்பாக, கொஞ்சம் இனிப்பாக, ஒரு உடம்பு வாசனை. என் கை வாசனையாக இருக்குமோ என்று துணியைக் குச்சியால் எடுத்துப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் சாமி படத்துக்கு வைக்கப் புனுகு டப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே போய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "இன்னா மா இது, காலங்காத்தால வந்து பூனை வாசனைய மோந்துக்கினு உக்காந்திருக்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். மூன்று துணிகளில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் நாலாம் நாள் அதேதான்.

அது புனுகு அப்பா. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

சுத்தம் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவின் பட்டுப் புடவையை வெயிலில் போட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். பகவான் தலையில் அதை ஊற்றிவிட்டு உங்கள் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது.

உங்கள் மகள்
ராஜமதி


திண்டிவனம்
6-5-1985

அருகன் துணை

அன்புள்ள ராஜமதிக்கு அப்பா ஆசீர்வாதம்.

நலம் என்று வழக்கம்போல எழுதலாம். அது பொய்.

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. படித்ததும் உன்மேல்தான் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள், பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு பெட்டியைத் திறந்து சீசாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. நீ சொல்வது பொய் என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை, உண்மை என்று சொல்லவும் வழி இல்லை.

மார்கழியில் பத்து நாள் காய்ச்சல். எழுந்தபோது போயிருந்தது. வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வரவில்லை. அத்தர்க் கடைக்காரனுக்கு மூக்கு இல்லை என்றால் ஊர் சிரிக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. உன் அம்மாவின் புடவைகள் இருக்கும் பெட்டியை மாதத்துக்கு ஒரு முறை திறப்பேன், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவேன். பன்னிரண்டு வருஷமாக அது எனக்குப் போதுமாக இருந்தது. தை மாதம் திறந்தேன். வெறும் துணி. நீயும் போனாய், அவளும் போனாள், வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்குக் கடிதம் எழுதியது அதற்குப் பத்து நாள் கழித்து. கடை விஷயம் என்று எழுதினேன்.

அபிஷேகத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஸ்ரீபாலனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சரக்கில் புனுகு இருக்கிறது, அதை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு மூக்கே இல்லை, பார்த்துச் சொன்னவள் விழுப்புரத்தில் இருக்கிறாள் என்று. வழக்கமான சந்தனத்தோடு அபிஷேகம் நடந்தது. நான் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். சீசாக்கள் ஏஜெண்டிடம் திரும்பிப் போய்விட்டன.

இன்னொன்று எழுத வேண்டும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடைப்படியில் ஒரு ஆள் வந்து நின்றார். ஊதுபத்தி ஒரு பாக்கெட் கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற இன்னா வேணும்?" என்றேன். "ஐயா, உள்ள அடுப்புல பாலு கருகுதுங்களே, தெரியலீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்திருப்பதற்குள் அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார். பாத்திரத்தை இறக்கி, ஸ்டவ்வை அணைத்து, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்தார். கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். வீடு பூராவும் புகை. நான் அதன் நடுவில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"யாருப்பா நீ, எந்த ஊரு?" என்றேன். "விழுப்புரங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. உன்னைக் கேட்டு வந்த அன்று அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. இவன்மேல் எஞ்சின் எண்ணெயும் கறியும் நாறுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை முகர வழியில்லாததால் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம்.

அவர் இங்கே வந்தது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பாலைக் கண்ணால் பார் என்று நீ எழுதியபோதே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

நீ வீட்டுக்கு வா. அபிஷேகம் இல்லை, கோயில் இல்லை, ஒன்றும் காரணம் இல்லை. சும்மா வா.

அப்பா


விழுப்புரம்
11-5-1985

அன்புள்ள அப்பாவுக்கு ராஜமதி வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அவர் திண்டிவனம் வந்தது எனக்குத் தெரியாது. கையில் கொப்புளம் இருந்தது. கேட்டதற்கு, "ஷெட்ல பட்டுச்சி" என்றார். ஊதுபத்தி பாக்கெட்டை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார், இப்போதுதான் எடுத்தேன். நேற்று உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "ஒரு மாசமா லெட்டர் இல்லியே, பெரியவரு இருக்காரோ இல்லியோன்னு நீ சாப்புடாம கெடந்த. அதான் ஒரு எட்டு பாத்துட்டு வந்தேன்" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

உங்களிடம் நான் அனுப்பிய சீசா ஊது இல்லை. அவரே காய்ச்சும் முழங்கால் தைலம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் படியேறும்போது வலிக்கும், தேய்த்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவாமல் மட்டும் கண்ணைத் தொடாதீர்கள்.

அப்பா, நீங்கள் சும்மா வா என்று கூப்பிட இத்தனை வருஷம் காத்திருந்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டீர்கள். ஆனால் "நீ வா" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தனியாக வரமாட்டேன். இதனால் உங்கள் கடிதம் மறுபடி நின்றுவிடும் என்று பயமாகத்தான் இருக்கிறது. நின்றாலும் தனியாக வரமாட்டேன். அவரை வெளியே விட்டுவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்து என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

பாலை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்
ராஜமதி


பெறுநர்:
திரு. பச்சைமுத்து அவர்கள்
லோகோ ஷெட், விழுப்புரம்

திண்டிவனம்
3-6-1985

அருகன் துணை

மாப்பிள்ளை அவர்களுக்கு ஜினதாஸ் எழுதிக்கொண்டது.

நீங்களும் ராஜமதியும் நலமாக இருக்கிறீர்களா? கைப் புண் ஆறிவிட்டதா? நீங்கள் காய்ச்சிய தைலத்தை இரண்டு வாரமாகத் தேய்க்கிறேன். முழங்கால் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாததால் தொந்தரவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. நாலு முறை தொடங்கிக் கிழித்தேன். உங்களை ஒரு முறைதான் உட்காரச் சொல்லாமல் அனுப்பினேன் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் இரண்டு முறை. இரண்டாவது முறை கையைச் சுட்டுக்கொண்டு நின்றவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தரவில்லை. என் வயதில் இதை ஒருவருக்கு எழுதுவது சுலபமில்லை, ஆனாலும் எழுத வேண்டும். தப்பு என்னுடையது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராஜமதியை அழைத்துக்கொண்டு வாருங்கள். காலைப் பாசஞ்சரில் வந்தால் பகல் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். சமையலில் உப்பு, காரம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமும் இருந்து, பொழுது சாய்வதற்குள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நான் சமையல்கட்டில் இருந்தால் வாசலில் யார் வந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. உங்கள் பெயரை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. வந்ததும் படியில் நின்று உங்கள் பெயரை உரக்கச் சொல்லுங்கள். தெருவில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

உங்கள் மாமனார்
ஜினதாஸ்